கோவில்பட்டி வரைக்கும் ஒரு சாட்சி

ஃபிளாஸ்க்கையா பாக்கீங்க தம்பி? உள்ளே காப்பி இல்லை. காப்பியா இருந்தா பஸ் கிளம்பறதுக்கு முன்னாலயே மூடியில ஊத்தி உங்ககிட்ட நீட்டியிருப்பேன். இதுக்குள்ள இருக்கிறது ஐஸ்கட்டி. பதினாறு கட்டி போட்டுக் கொண்டாந்தேன். கோபம் வந்தா ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு மூடிக்கிடணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

உடனே நகர்ந்து உக்காராதீங்க. எனக்குக் கோபமே வராது, அது ஊருக்கே தெரியும். சுத்தி இருக்கிறவங்க செய்யிற காரியத்துக்கு என் குரல் கொஞ்சம் பதில் சொல்லும், அவ்வளவுதான். அந்தக் குரலும் நான் காசு கொடுத்து வாங்கினது இல்லை, பிறவியில வந்தது. ஒருதரம் வண்ணாரப்பேட்டையில நின்னு ஒரு கண்டக்டரைக் கூப்பிட்டேன். திருநெல்வேலி ஜங்ஷன்ல கிளம்பிக்கிட்டிருந்த ரயில் நின்னுட்டு. ரயில் கார்டு இறங்கி, "யாருய்யா சிக்னல் கொடுத்தது?"ன்னு தேடிக்கிட்டு வண்ணாரப்பேட்டை வரைக்கும் வந்தாரு. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது?

என் பேரு நயினார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர். ரிட்டையராகி ஆறு வருஷம் ஆச்சு. இப்ப கோவில்பட்டிக்குப் போறேன். என் மக வடிவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கு. மாப்பிள்ளை கடலைமிட்டாய் போடுதாரு. இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பேத்திக்குக் காது குத்து. மடியில வச்சுக் குத்தறதுக்குத் தாய்மாமன் வேணும். வடிவு ஒத்தைப் பிள்ளை, கூடப் பிறந்தவன் கிடையாது. அப்ப யார் மடி? என் மடிதான். ஆனா அந்த மகராசி போன்ல ஒரு கண்டிஷன் போட்டுட்டா.

"அப்பா, நீங்க பஸ்ஸில ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சத்தம் போடாம வந்து சேர்ந்தா, பாப்பா உங்க மடியில உக்காரும். இல்லைன்னா சுடலை மாமா மடியில உக்காரும். நீங்களா வந்து 'நான் சத்தம் போடலை'ன்னு சொன்னா நம்ப மாட்டேன். பார்த்தவங்க யாராவது சொல்லணும்."

சுடலை யாருன்னு கேக்கீங்களா? என் வீட்டுக்காரி ஆவுடையோட தம்பி. என் மச்சினன். அவன் மடியைப் பத்தி நான் ஒரு குறையும் சொல்லலை. தொந்திக்கும் முட்டுக்கும் நடுவுல நாலு விரக்கடை இடம் இருக்கு. அதுல பிள்ளையை நிறுத்தித்தான் வைக்கணும். அதை விடுங்க.

கண்டக்டர் பின்னால போயிட்டாரு. நான் ஏறினதும் டிக்கெட் வாங்கிட்டேன். நீங்க தாழையூத்து சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. பாருங்க, பாருங்க. நல்ல உயரமான புகைக்கூண்டு.

எதுல விட்டேன்? கண்டிஷன். அது ஏன் வந்துதுன்னா, போன வருஷம் வடிவுக்கு வளைகாப்பு. இதே ரூட்டு, இதே காலை நேரம். ஆவுடை ரெண்டு நாள் முன்னாலயே போயிட்டா. நான் வளையல் பெட்டியை மடியில வச்சுக்கிட்டுத் தனியா வாறேன். முன் சீட்டுல கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருத்தன். கண்டக்டர் பக்கத்துல வந்தா அவன் கழுத்து மட்டும் ஒரு மாதிரி திரும்புது. முப்பத்திரண்டு வருஷக் கண்ணு தம்பி, தூங்கினாலும் பாதிதான் தூங்கும். "டிக்கெட்டைக் காட்டுங்க"ன்னு கேட்டேன், தன்மையாத்தான். "நீ யாருய்யா கேக்கதுக்கு?"ன்னுட்டான்.

அதுக்கப்புறம் நடந்ததை ஆளுக்கொரு விதமாச் சொல்லுவாங்க. நான் கண்டக்டர் விசிலைப் பிடுங்கினேன்னு சொல்லுதாங்க. பிடுங்கலை, கையில இருந்து வாங்கினேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை விடச் சொல்லி டிரைவரை மிரட்டினேன்னு சொல்லுதாங்க. நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு வண்டி தானாத் திரும்பிட்டு, டிரைவர் ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. ஸ்டேஷன் வாசல்ல நாப்பத்திரெண்டு பேரு மூணு மணி நேரம் நின்னோம். அங்கே டீ வித்தவன் அந்த ஒருநாள் வியாபாரத்துல மாடி வீடு கட்டிட்டான். கிரகப்பிரவேசத்துக்கு எனக்குப் பத்திரிகை வச்சான்.

கடைசியில டிக்கெட் கிடைச்சுது. வாட்ச் பட்டைக்குள்ள சுருட்டிச் சொருகி வச்சிருந்திருக்கான். நீங்களே சொல்லுங்க, சுருட்டி வச்சா அது டிக்கெட்டா? அது ஒரு பேப்பர் சுருள். ஏட்டையா அப்படிப் பார்க்கலை.

நான் போய்ச் சேரும்போது மணி மூணு. பந்தி முடிஞ்சு இலை எடுத்தாச்சு. வடிவு கையில முழங்கை வரைக்கும் வளையல், சுடலை வாங்கிட்டு வந்தது. அவ என் கையில இருந்த பெட்டியைப் பார்த்தா, உள்ளே போயிட்டா. அந்த வளையல் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டுக்கிட்டே போச்சு. அதைச் சொல்ல வரலை நான். சொல்ல வந்தது என்னன்னா, தப்பு செஞ்சது கட்டம் போட்ட சட்டை, தண்டனை எனக்கு.

பிரசவத்துக்கு அவ நம்ம வீட்டுக்குத்தானே வரணும்? வரலை. ஆவுடை அங்கே துணைக்குப் போனா. பிள்ளைக்கு இப்ப பதினோரு மாசம், இன்னும் துணையாத்தான் இருக்கா. நான் மெஸ்ஸில சாப்பிடுதேன். மெஸ்ஸில எனக்குன்னு தனி மேஜை போட்டிருக்காங்க. பக்கத்துல யாரும் உக்காரதில்லை, அவ்வளவு மரியாதை. பேத்தியை ஒரே ஒரு தடவை பார்த்தேன், ஆஸ்பத்திரியில, கதவுக் கண்ணாடி வழியா. உள்ளே போறதுக்குள்ள வாட்ச்மேனோட ஒரு சின்னப் பேச்சுவார்த்தை ஆயிட்டு.

அதுக்கப்புறம்தான் வடிவு சொன்னா, பாளையங்கோட்டையில ஜெசிந்தான்னு ஒரு டாக்டரம்மா கோபத்துக்கு வகுப்பு நடத்துதாங்க, இருபத்திநாலு வாரம், போயிட்டு வாங்கன்னு. டி.பி.டி.ன்னு பேரு. வாசல்ல தமிழ்ல 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை'ன்னு போர்டு. நான் சிகிச்சைக்குப் போகலை. என் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லி ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரலாம்னு போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் மக வயசுதான் இருக்கும். குரலே வெளியில வராது. முதல் நாளே சொல்லுதாங்க: "உங்களுக்கு வர்ற கோபத்துக்குக் காரணம் இருக்கு, அது உண்மை. நீங்க மாறியே ஆகணும், அதுவும் உண்மை. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம் சார்."

"அது எப்படிம்மா? ஒரே பஸ்ஸு ஒரே நேரத்துல திருநெல்வேலியிலயும் மதுரையிலயும் நிக்குமா?"ன்னேன்.

"திருநெல்வேலியில நிக்கிறோம்னு ஒத்துக்கிட்டாத்தானே சார் மதுரை பஸ்ஸில ஏற முடியும்?"னாங்க.

அன்னைக்கு வகுப்பு முடிஞ்சு, மதுரை பஸ் நிக்கிற பக்கம் திரும்பிப் பார்க்காம வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்சம் இருங்க தம்பி. பின் சீட்டுல செல்போனை வச்சுக்கிட்டு ஊருக்கே படம் காட்டுதான் ஒருத்தன், கேக்குதா? ஒரு கட்டி எடுத்துக்கிடுதேன்... ம். உள்ளங்கை மரத்துப் போகும், மூளை உடனே கையைப் பார்க்க ஓடிரும், கோபம் அங்கே தனியா நிக்கும். அதுதான் கணக்கு. இதைவிடப் பெருசும் உண்டு, ஐஸ் தண்ணியில முகத்தை முக்கி அரை நிமிஷம் மூச்சுப் பிடிக்கணும். என் வயசுக்கு இருதயம் தாங்குமான்னு படம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் சரின்னாங்க. முதல்நாள் வீட்டுல வாளி நிறைய ஐஸ் தண்ணி வச்சு முகத்தை முக்கினேன். எடுத்துப் பார்க்கேன், வாளித் தண்ணி ஆவி பறக்குது. வீணாக்குவானேன்னு ரெண்டு முட்டையைப் போட்டேன். அரை வேக்காட்டுல அருமையா வெந்துட்டு. ரெண்டாவது மாசம் முட்டை வேகலை. மூணாவது மாசம் வாளியில போட்ட ஐஸ் ஐஸாவே கிடந்துது. சிகிச்சையில ஏதோ இருக்குன்னு அப்பதான் எனக்குத் தோணிச்சு.

வகுப்புல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கார்டு கொடுப்பாங்க. தினமும் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னால, அன்னைக்குக் கோபம் எத்தனை, துக்கம் எத்தனை, வெக்கம் எத்தனைன்னு பூஜ்யத்துல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போடணும். எதைப் பழகினோம், எது உதவிச்சுன்னும் குறிக்கணும். எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம கண்டக்டர்ங்க எழுதற இன்வாய்ஸ் மாதிரியே இருக்கு! ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் எத்தனை டிக்கெட்டுன்னு அப்பப்ப எழுதணும். கள்ளன் எவனோ அவன் கடைசி ஸ்டேஜுல உக்காந்து மொத்தமா எழுதுவான். நான் இங்க் பார்த்தே கண்டுபிடிச்சிருவேன்.

மூணாவது வாரம் டாக்டரம்மா வர கொஞ்சம் நேரமாச்சு. சும்மா உக்காந்திருப்பானேன்? எழுந்து, "கார்டு, கார்டு, கார்டை எடுத்துக் கையில வச்சுக்கோங்க"ன்னு வரிசையாப் போனேன். பாவம், பதறிப்போய் எல்லாரும் நீட்டுதாங்க. மரியபுஷ்பம்னு ஒரு பள்ளிக்கூட டீச்சர், என்னை மாதிரியே வகுப்புக்கு வந்தவங்க. வீட்டுல கோபம் வந்தா பாத்திரத்தை எறிவாங்களாம். அவங்க கார்டைப் பார்த்தேன். ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, கடைசி ரெண்டு நாள் மை காயவே இல்லை. விடுவேனா? உடனே ரிப்போர்ட் எழுதினேன். நம்ம ரிப்போர்ட்டுல ஒரு முறை உண்டு தம்பி. பக்கத்துப் பயணி ஒருத்தரோட சாட்சிக் கையெழுத்து, அவரோட டிக்கெட் நம்பரோட. இல்லைன்னா அது செல்லாது. நான் பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட சாட்சிக் கையெழுத்து கேக்கும்போது டீச்சர் அழுதுட்டாங்க. அழுதுக்கிட்டே, "உங்க கார்டைக் காட்டுங்க அண்ணாச்சி"ன்னாங்க.

காட்டினேன். எனக்கு என்ன பயம்? எனக்கு நேரா இருபத்தோரு நாளும் பூஜ்யம். வராத கோபத்தை எப்படி எழுதறது? ஆனா கார்டை வெறுமனே விடக்கூடாதுன்னு, கீழே கோடு போட்டு ஆவுடைக்கு ஒரு வரிசை, சுடலைக்கு ஒரு வரிசை, பேப்பர் போடுறவனுக்கு ஒரு வரிசைன்னு சேர்த்து, அவங்க அவங்க கோபத்துக்கு நானே நம்பர் போட்டிருந்தேன். சுடலைக்கு எல்லா நாளும் அஞ்சு. வகுப்பே சிரிச்சுது. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்துட்டாங்க. கார்டை வாங்கிப் பார்த்தாங்க, சிரிக்கலை.

"நயினார் சார், இந்த வகுப்புல டிக்கெட் எடுக்காம வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான்"னாங்க.

நல்லா ஜோக் அடிப்பாங்க அந்தம்மா. அன்னைக்கு ராத்திரி மூணு தடவை எழுந்து அந்த ஜோக்கை நினைச்சுப் பார்த்தேன்.

டீச்சர் அப்புறம் சிநேகமாயிட்டாங்க. இந்த ஃபிளாஸ்க் அவங்க கொடுத்ததுதான். "இப்ப வீட்டுல பாத்திரம் உடையறது இல்லை அண்ணாச்சி, மிச்சமா இருக்கு, நீங்க ஒண்ணு வச்சுக்கோங்க"ன்னாங்க.

எதிர்ச்செயல்னு ஒண்ணு உண்டு. கோபம் 'முன்னால போ'ன்னு சொன்னா ஒரு எட்டு பின்னால வைக்கணும். 'கத்து'ன்னு சொன்னா மெதுவாப் பேசணும். முகத்துல லேசா ஒரு அரைச் சிரிப்பும் வச்சுக்கிடணும். இதைச் சுடலை மேல பழகலாம்னு அவன் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தான். நான் ஒரு எட்டு பின்னால வச்சு, "நல்லாயிருக்கியா சுடலை?"ன்னு மெதுவாக் கேட்டு, அரைச் சிரிப்பு சிரிச்சேன். அவன் முகம் வெளுத்துட்டு. இருபத்தஞ்சு வருஷத்துல நான் அவனைப் பார்த்துச் சிரிச்சதே இல்லையாம். அன்னைக்கே கேட்டுக்கு ரெண்டாவது பூட்டு வாங்கி மாட்டினான். அக்காவுக்குப் போன் போட்டு, "அத்தான் எதுக்கோ தயாராயிட்டாரு"ன்னு சொல்லியிருக்கான்.

கண்டக்டர் மறுபடியும் வந்துட்டுப் போறாரு. கயத்தாறு தாண்டியாச்சு. உங்களுக்கு வேர்க்குதே தம்பி, ஜன்னலைத் தொறந்து விடட்டுமா? நான் இன்னொரு கட்டி எடுத்துக்கிடுதேன். இல்லை இல்லை, சும்மா, வெயிலுக்கு.

வகுப்பு தவிரத் தனியாவும் வாரம் ஒருதரம் டாக்டரம்மாகிட்டப் பேசணும். ஒருநாள், வளைகாப்பு அன்னைக்கு நடந்ததைச் சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாப் பின்னால போய் எழுதணும்னாங்க.

"எதுல சார் ஆரம்பிச்சுது?"

"கட்டம் போட்ட சட்டையில."

"அதுக்கு முன்னால?"

"பஸ்ஸில ஏறினேன்."

"அதுக்கு முன்னால?"

"டீ குடிச்சேன்மா. டீ மேல கேஸ் போடப் போறீங்களா?"

"டீக்கு முன்னால?"

சுடலை போன் வந்துது, டீக்கு முன்னால. "அத்தான், நீங்க மெதுவா வாங்க, அவசரமே இல்லை. இங்கே எல்லாத்தையும் நான் பார்த்துக்கிட்டேன். வளையலும் வாங்கியாச்சு"ன்னான். நல்ல விதமாத்தான் சொன்னான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. "அதைக் கேட்டதும் உள்ளுக்குள்ள வந்தது கோபம்தானா சார்?"ன்னு கேட்டாங்க.

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். கண்ணுல தூசி விழுந்துட்டு. "ஆஸ்பத்திரி வச்சு நடத்துதீங்க, ஃபேனைத் துடைக்கக் கூடாதா?"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் பளபளன்னு துடைச்சு வச்சிருந்தாங்க. அன்னைக்கும் விழுந்துது.

நாலாட்டின்புதூர் போயிட்டு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். தம்பி, இப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லப் போறேன். எழுந்திரிக்காதீங்க. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வரிசையில சொல்லுதேன். முதல்ல கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லணும், குத்தம் சொல்லக்கூடாது. அப்புறம் எனக்கு எப்படி இருக்குன்னு சொல்லணும். அப்புறம் எனக்கு என்ன வேணும்னு கேக்கணும்.

பார்த்தது. நீங்க எனக்கு முன்னாலயே ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்துட்டீங்க. கண்டக்டர் மூணு தடவை வந்தாரு. மூணு தடவையும் நீங்க வெளியில பார்த்தீங்க. உங்க கையில டிக்கெட் இல்லை, சட்டைப்பையில இல்லை. வாட்ச் பட்டையில இருக்கான்னு தாழையூத்து வர்றதுக்கு முன்னாலயே பார்த்துட்டேன். அங்கேயும் இல்லை.

முடிவுக்கு வர்றதுக்கு முன்னால உண்மையைச் சரிபார்க்கணும்னு ஒரு பாடம். சரிபார்த்தேன். கூட்டத்துல மறந்திருக்கலாம். மனசுல வேற ஏதாவது ஓடிக்கிட்டு இருக்கலாம். உங்களுக்கும் எங்கேயாவது போய்ச் சேரணும், பேச முடியாத விஷயம் ஏதாவது இருக்கலாம். இது என் வண்டி இல்லை. நான் இப்ப இன்ஸ்பெக்டர் இல்லை. அது உண்மை. உங்ககிட்ட டிக்கெட் இல்லை. அதுவும் உண்மை.

எனக்கு எப்படி இருக்கு? இருங்க, கார்டை எடுக்கேன். பாருங்க, இன்னைக்குத் தேதி, என் பேருக்கு நேரா... நாலு. சரி, நாலேமுக்கால். பஸ்ஸு ஆடுது, எழுத்து அதனாலதான் கோணுது. இருபத்திநாலு வாரத்துல எனக்கு நேரா நான் எழுதினதுல, பூஜ்யம் இல்லாத முதல் நம்பர் இதுதான் தம்பி. டாக்டரம்மா பார்த்தா கார்டை ஃப்ரேம் போட்டு மாட்டிருவாங்க.

இனி எனக்கு என்ன வேணும்னு கேக்கேன். கார்டுக்குப் பின்னால எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க. 'நயினார் என்பவர் திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி வரை ஒருவரிடமும் சத்தம் போடவில்லை.' கீழே உங்க சாட்சிக் கையெழுத்து வேணும். என் மக பார்த்தவங்க சொன்னாத்தான் நம்புவா. ஆனா டிக்கெட் நம்பர் இல்லாத சாட்சி செல்லாதே? முப்பத்திரண்டு வருஷமா நானே பிடிச்சுத் தொங்கின முறை, என் வசதிக்காக இன்னைக்கு மாத்த முடியுமா? அந்தா கண்டக்டர் வாறாரு. நீங்களே கூப்பிட்டு, ஏறின இடத்தைச் சொல்லி ஒண்ணு வாங்கிருங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். பார்க்கலை. சத்தியமாப் பார்க்கலை.

...வாங்கியாச்சா? நல்லது. கண்டக்டர் என்னமோ முணுமுணுத்தாரே, நான் வாயைத் திறந்தேனா? இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்க. டிக்கெட் நம்பர் போட்டாச்சா? சரி, பேரு?

என்னது?

வேற பேரே வைக்கலையா உங்களுக்கு? வீட்டுல கூப்பிடுற பேரு, பள்ளிக்கூடத்துப் பேரு, எதுவும்? இல்லை, இல்லை, நல்ல பேருதான். எங்க பக்கத்துல சாமி பேரு. இருங்க, ஃபிளாஸ்க்கைத் திறக்கேன்... நீங்க ஜன்னலைப் பார்த்தப்ப எடுத்ததெல்லாம் போக, இதுதான் கடைசிக் கட்டி. ம்... ம்... சரி. எழுதுங்க. 'சுடலைமுத்து'ன்னே எழுதுங்க. கொஞ்சம் தெளிவா எழுதுங்க, வடிவு படிக்கணும்.

ஸ்டாண்டு வந்துட்டு. எழுந்திரிச்சா வேட்டி ஒட்டுது பாருங்க, அத்தனை கட்டியும் இங்கேதான் உருகியிருக்கு. மடி முழுக்க ஈரம். யாராவது தப்பா நினைச்சா ஐஸ்னு நீங்கதான் சாட்சி. மணி பத்தே முக்கால். வெயில்ல நடந்தேன்னா வீட்டுக்குப் போறதுக்குள்ள காஞ்சிரும். பிள்ளைக்குக் குளிரக் கூடாது பாருங்க.